உத்தரத்தில் ஒரு களஞ்சியம்

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், ஆயன் ஒருவன் பால் கறக்கப் பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும் 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தின் முன் நிற்கும்போது, கறந்த பாலும் தயிரும் அக்கால இல்லங்களில் எங்கே பத்திரமாக இருந்தன என்ற சிந்தனை எழுவது சகஜம். நம் பாட்டிமார் அறிந்த விடை, உறி.

தேங்காய்நார்க் கயிறுகளை அடியில் பிரிமணைபோல் வளையமாகப் பின்னி, உத்தரத்தில் தொங்கவிட்டு, பெரிய சட்டியின்மேல் சிறிய சட்டியாக அடுக்கிவிட்டால், பூனைக்கும் எலிக்கும் எட்டாமல், காற்றோட்டமும் பெற்று, தரையில் ஒரு சாண் இடமும் கொள்ளாமல் பண்டங்கள் க்ஷேமமாக இருந்தன.

அந்தத் தத்துவமே இன்று செங்கற்பட்டின் சிறு வீடுகளில் தொங்கு அலமாரியாக அவதரித்திருக்கிறது. எனினும், உப்புக்காற்று இரும்பை அரிக்கும் கடற்கரையோரத்தில், துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியைக் காங்கிரீட் தளத்தில் ஆழ ஊன்றி, கனமானவற்றைக் கீழ்த்தட்டின் நடுவில் வைப்பதே விவேகம்.