கூடத்தில் ஒரு பந்தயக் கார்!

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் இஞ்சு டேப்பும் கையுமாகக் கூடத்தில் நின்றுகொண்டு, "அம்மா! இங்கே ஐந்தடிக்கு இரண்டடி இடம் வேண்டும்" என்கிறான். கட்டில் போடவா என்றால், இல்லை. மேஜை போடவா என்றால், அதுவும் இல்லை. "கார் ஓட்ட!" என்கிறான்.

நீங்கள் திகைத்துப் போகிறீர்கள். காரைத் தெருவில் நிறுத்தவே இடமில்லாத ஊரில், கூடத்தில் கார் ஓட்டுவதாவது!

பயப்படாதீர்கள். அவன் கேட்பது நிஜக் கார் அல்ல. பலகையால் அடித்த ஒரு சட்டம், அதன்மேல் பழைய கார் சீட்டு, எதிரே ஸ்டீயரிங் சக்கரம், காலடியில் பெடல்கள், கண்ணெதிரே கம்ப்யூட்டர் திரை. திரையில் பந்தயச் சாலை ஓடும். கார் இருந்த இடத்திலேயே இருக்கும். 'சிமுலேட்டர்' என்று இதற்குப் பெயர். கடையில் ஆயத்தமாகவும் கிடைக்கிறது. ஆனால் வீட்டிலேயே செய்துகொள்வதில்தான் பிள்ளைகளுக்கு உற்சாகம், செலவும் குறைவு.

இந்த யோசனை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்று ஓர் இளைஞர் இருந்தார். தகப்பனாருக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை. மகனுக்கோ ஆகாய விமானத்தின்மேல் ஆசை. விமானம் ஓட்டக் கற்பதென்றால் கொள்ளைப் பணம் ஆகும். என்ன செய்தார் தெரியுமா? ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையே எடுத்து, அவற்றின்மேல் ஒரு சின்னப் பொம்மை விமானத்தைப் பொருத்தினார். உள்ளே உட்கார்ந்து விசையைத் திருப்பினால் துருத்தி உப்பும், சுருங்கும். பொம்மை விமானம் சாயும், நிமிரும். நம் வீட்டு ஆர்மோனியத்தில் இருக்கிறதே, அதே துருத்தித் தத்துவந்தான்!

1929-ல் உருவான அந்த யந்திரத்தை முதலில் ஜனங்கள் வேடிக்கைப் பொருளாகவே பார்த்தார்கள். பொருட்காட்சிப் பூங்காக்களில்தான் அதற்கு இடம் கிடைத்தது. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மோசமான வானிலையில் பறந்து, அடுத்தடுத்து உயிர் இழந்தார்கள். அப்போதுதான் ராணுவத்துக்குப் புத்தி வந்தது. லிங்கின் யந்திரங்களில் ஆறு வாங்கினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது லட்சக்கணக்கான விமானிகள் அதில்தான் பாடம் படித்தார்கள்.

ஆகவே, 'விளையாட்டுச் சாமான்' என்று அலட்சியமாகச் சொல்லிவிடுவதற்கில்லை. அதே சமயம், பிள்ளை கேட்டதும் கூடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். விஷயத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாற்காலி போன கதை

"சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினால் ஆகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து இப்படி ஒரு காரை நிர்மாணித்திருக்கிறார்கள். அங்கே போயிருந்தபோது இதே கேள்வியைக் கேட்டோம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"முதலில் அப்பாவின் ஆபீஸ் நாற்காலியில்தான் ஓட்டினோம்" என்றாள் தங்கை. "அண்ணா பிரேக்கை ஓங்கி மிதித்தான். திரையில் கார் நின்றது. நாற்காலி நிற்கவில்லை. பின்னால் போய் ஃபிரிட்ஜில் மோதிற்று!"

நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறதல்லவா? பெடலைக் கால் முன்னே தள்ளினால், பெடல் காலைப் பின்னே தள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாவது விதி! உட்காரும் இடமும் பெடலும் ஒரே சட்டத்தில் இறுகப் பிணைந்திருந்தால்தான் இந்தக் கூத்து நிற்கும். வீட்டுக் காரின் ரகசியமே இவ்வளவுதான். அழகு அப்புறம், ஆட்டம் இல்லாமல் இருப்பதுதான் முக்கியம்.

செய்வது எப்படி?

18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட், எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று பெரும்பாலும் போதும். முதலில் அடிச்சட்டம். தாழ்ந்த பெஞ்சு போல, ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். அடியில் குறுக்குச் சட்டங்கள் கொடுத்தால் பலகை வளையாது.

அடுத்தது சீட்டு. புதுப்பேட்டைப் பக்கம் போனால் பழைய கார்களின் உறுப்புகள் எல்லாம் கிடைக்கும். சீட்டை அதன் அடித் தண்டவாளத்தோடு வாங்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் நகர்த்த முடியுமானால் அண்ணனும் ஓட்டலாம், தங்கையும் ஓட்டலாம். ஒரு எச்சரிக்கை: புதிய ரகச் சீட்டுகளில் பக்கவாட்டில் ஏர்பேக் இருப்பதுண்டு. விபத்தின்போது அதை விரியச் செய்ய உள்ளே வெடிமருந்து வைத்திருப்பார்கள். அத்தகைய சீட்டு வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, ஸ்டீயரிங் தாங்கி. இரண்டு பக்கமும் இரண்டு நிமிர்ந்த பலகைகள், அவற்றின்மேல் குறுக்கே ஒரு பலகை. நடுவில் ஒரே ஒரு கம்பத்தை நட்டால் அது கால்களுக்கு இடையே வந்து தொல்லை கொடுக்கும். பொருத்தியானதும் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். ஆடினால் சாய்வாக ஒரு முட்டுக் கொடுக்கவேண்டும். ஆணி உதவாது, ஆடி ஆடிக் கழன்றுவிடும். போல்ட்டும் நட்டுந்தான் சரி.

நான்காவது, பெடல் பலகை. ஓட்டுபவரை நோக்கிச் சற்றுச் சாய்வாக அமைத்து, பின்புறம் வலுவான தடுப்பு வைக்கவேண்டும். பலகையின் விளிம்புகளை எல்லாம் உப்புக் காகிதத்தால் தேய்த்து மழுக்கிவிட்டால், போகிற வருகிறவர்களின் புடவை கிழியாது!

அளவு எப்படிப் பார்ப்பது? முதுகைச் சீட்டில் நன்றாகச் சாய்த்துக் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங் சக்கரத்தின் உச்சியில் படவேண்டும். பெடலை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கவேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் முதுகுவலி என்ற பேச்சு எழாது.

சக்கரம் பேசும், தராசு அளக்கும்

ஸ்டீயரிங் சக்கரத்தையும் பெடலையும் மட்டும் வீட்டில் செய்வது கஷ்டம், வாங்கத்தான் வேண்டும். சாதாரண ரகமே ஒரு ஃபிரிட்ஜ் விலைக்கு வந்துவிடும். உயர்ந்த ரகம் என்றால் ஒரு மோட்டார் சைக்கிளின் விலை!

அப்படி அதில் என்ன இருக்கிறது? சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மின்சார மோட்டார் ஒளிந்திருக்கிறது. காரின் டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது, எப்போது வழுக்குகிறது என்பதைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வினாடியும் நூற்றுக்கணக்கான தடவை கணக்கிட்டு, மோட்டாருக்கு உத்தரவு போடுகிறது. வளைவில் சக்கரம் கனக்கும். டயர் வழுக்கினால் சட்டென்று லேசாகிவிடும். சாலையில் நடப்பதைக் கைக்குச் சொல்லும் பாஷை அது.

பிரேக்கின் சங்கதி இன்னும் வேடிக்கை. மலிவான பெடல், கால் எவ்வளவு தூரம் போயிற்று என்று மட்டும் பார்க்கும். நல்ல பெடல், கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று பார்க்கும். எதைக்கொண்டு? மளிகைக் கடையில் துவரம் பருப்பு நிறுக்கிறார்களே எலெக்ட்ரானிக் தராசு, அதற்குள் இருக்கும் அதே 'லோட் செல்' என்ற சாதனத்தைக் கொண்டுதான்! காலின் தூரத்தைவிட, காலின் அழுத்தத்தை நம் உடம்பு நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் சாரதியின் கால் பிரேக்கில் 100 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது என்றால், அந்தப் பலகை ஏன் அத்தனை உறுதியாக இருக்கவேண்டும் என்பது புரியும்.

பெரிய டெலிவிஷன் எதற்கு?

"கூடத்து டெலிவிஷனிலேயே ஓட்டலாமே" என்று வீட்டுக்காரர் சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 43 அங்குல டெலிவிஷன் சுமார் 95 சென்டிமீட்டர் அகலம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், கண்ணுக்கு அது 27 பாகை அகல ஜன்னல்தான். 27 அங்குலத் திரை 60 சென்டிமீட்டர் அகலம். அதை 60 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் 53 பாகை ஜன்னல் கிடைக்கும். சின்னத் திரை பெரிய ஜன்னலாகிவிடுகிறது! இந்தப் பாகையைக் கம்ப்யூட்டரிலும் சரியாகக் குறிப்பிடவேண்டும். இல்லாவிட்டால் தூரமும் வேகமும் பொய்யாகத் தோன்றும்.

சிலருக்கு ஓட்டிய ஐந்து நிமிஷத்தில் தலை சுற்றும். கண் 'ஓடுகிறோம்' என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'இல்லை, உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இரண்டுக்கும் சண்டை! முதல் வாரம் பத்து நிமிஷத்தோடு நிறுத்திக்கொள்வதும், எதிரே மின்விசிறி வைப்பதும் நல்லது. குமட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது.

உயர்ந்த ரகச் சக்கரங்களின் மோட்டார், முரட்டுத்தனமாகத் திருப்பி விரலை மடக்கிவிடக் கூடியது. அதற்கு அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். கைக்கு எட்டும்படி வைக்கவேண்டும். சின்னக் குழந்தைகளைத் தனியே உட்கார விடக் கூடாது. சட்டத்துக்கு அடியில் கனமான ரப்பர் விரித்தால் கீழ் வீட்டு மாமியின் மதியத் தூக்கமும் காப்பாற்றப்படும்.

பொம்மையிலிருந்து பந்தயத்துக்கு

இதில் ஓட்டிப் பழகி நிஜப் பந்தயத்துக்குப் போனவர்கள் உண்டா? உண்டு. பிரிட்டனில் கார்டிஃப் நகரில் வளர்ந்த ஜான் மார்டன்பரோ என்ற 19 வயது இளைஞர், 2011-ல் 'ஜிடி அகாடமி' என்ற போட்டியில் வென்றார். வீட்டில் விளையாடியவர்களில் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, நிஜக் காரில் ஏற்றிப் பழக்கிய போட்டி அது. இரண்டே வருஷம்! 2013-ல் பிரான்சில் நடந்த 24 மணி நேர லெ மான் பந்தயத்தில், தம் குழுவோடு தம் பிரிவில் மூன்றாவதாக வந்தார்.

மோட்டார் பந்தயம் பணக்கார விளையாட்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயச் சாலையும் இருக்கிறது. ஆனாலும் டயருக்கும் பெட்ரோலுக்கும் கொட்டிக் கொடுக்க எத்தனை குடும்பங்களால் முடியும்? பலகைக் காரில் டயர் தேய்வதில்லை, பெட்ரோல் எரிவதில்லை. 2020-ல் கொரோனாவால் பந்தயங்கள் நின்றபோது, ஃபார்முலா ஒன் சாரதிகளே வீட்டில் இப்படி உட்கார்ந்துதான் போட்டி போட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். அதே மார்டன்பரோவின் கார் 2015-ல் ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் சாலையில் ஆகாயத்தில் எழும்பித் தடுப்பைத் தாண்டி விழுந்தது. அவர் பிழைத்தார், வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர் உயிர் இழந்தார். திரையில் மோதினால் ஒரு பொத்தானை அமுக்கி மறுபடி கிளம்பலாம். சாலையில் அந்தப் பொத்தான் கிடையாது. இந்தச் சட்டத்தில் ஓட்டுகிற பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவைக்கவேண்டிய பாடம் இதுதான். கூடத்தில் எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் போகட்டும். தெருவில் பதினெட்டு வயதும் லைசென்சும் ஹெல்மெட்டும் நிதானமும் வேண்டும்.

'பிள்ளை, பிள்ளை' என்றே சொல்லிக்கொண்டு போகிறோமே, பெண்ணுக்கு இடமில்லையா? 1975-ல் இத்தாலியப் பெண்மணி லெல்லா லொம்பார்டி ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவதாக வந்து அரைப் புள்ளி பெற்றார். ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் புள்ளி பெற்ற பெண் இன்றுவரை அவர் ஒருவர்தான். திறமை இல்லையென்பதல்ல, ஓட்டிப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைத்த பெண்கள் சொற்பம். நாம் பார்த்த அந்த வீட்டில், சுவரில் ஒட்டியிருந்த நேரப் பட்டியலில் தங்கையின் பெயர்தான் முதலில் இருந்தது!

அவர்களுடைய தாயாரைக் கேட்டோம்: "கூடம் போயிற்றே, உங்களுக்கு வருத்தமில்லையா?"

"இவன் சிநேகிதன் மோட்டார் சைக்கிளில் இரவு எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தான். நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது கூடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தூக்கமாவது வருகிறது" என்றார் அந்த அம்மாள்.

ஆகவே, வாசகியரே, இஞ்சு டேப்போடு யாராவது வந்தால் விரட்டிவிடாதீர்கள். பரீட்சை முடியட்டும் என்று சொல்லுங்கள். தினம் இத்தனை நேரம் என்று பேசி வையுங்கள். பலகை அறுத்த தூளை அவனே பெருக்கவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டின் தண்டவாளத்தை உங்கள் கால் எட்டும் அளவுக்கும் நகர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத வேளையில், கூடத்தில் கார் சும்மாத்தானே நிற்கப்போகிறது!