தரிசாம்! யாருக்குத் தரிசு?

வீரசோழனுக்கு அருகே நரிக்குடி என்றோர் ஊர். நரிக்கே குடியுரிமை தந்த பெயர்! பெயரிலே இடம் உண்டு, மண்ணிலே? அதைத்தான் கேட்கிறோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வெட்டவெளி சர்க்கார் ஏட்டிலே 'தரிசு'. வரி தராத நிலம் வெள்ளையனுக்கு வீண் நிலம். அவன் போனான், அவன் பார்வை போகவில்லை! புல்லும் புதரும் பரந்த இத்தகைய வறண்ட வெளிதான் ஓநாய்க்கு வீடு, அடர்ந்த கானகமன்று. முயலும் வெளிமானும் வாழ்வதும் அங்கேதான்.

அந்த ஓநாயின் தலைக்கு விலை வைத்தான் வெள்ளையன். 1875 முதல் 1925 வரை கொல்லப்பட்டவை 2 லட்சம் என்று கணக்கிட்டார் வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன். இன்று இந்தியா முழுவதிலும் எஞ்சியவை ஏறத்தாழ 3,000. தமிழ்நாட்டிலோ மோயாற்றுப் பள்ளத்தாக்கு போன்ற சில இடங்களில்தான். 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஓநாயைப் புலிக்குச் சமமாக முதல் அட்டவணையிலே அமர்த்தியது. ஆம், ஏட்டிலே சமத்துவம்! புலிக்கு 1973 முதல் தனித் திட்டம். ஓநாய்க்கு 1976இல், அன்றைய பீகாரின் மகுவாடாண்டிலே, ஒரு சரணாலயம்.

நம் விருதுநகர் மாவட்டத்தையே பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலே சாம்பல் நிற அணிலுக்கு 1988இல் சரணாலயம். 2021இல் புலிகள் காப்பகம். மகிழ்கிறோம், மனமார மகிழ்கிறோம். மலைக்கு மாலை, சமவெளிக்குச் சீமைக்கருவேல முள்ளா? பக்கத்துக் கமுதியிலே 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. மின்சாரம் வேண்டாமென்று சொல்வோமா? வேண்டும். ஆனால் இடம் தேடும் கண்ணுக்கு முதலிலே படுவது 'தரிசு'தானே!

"ஆட்டைத் தின்னும் மிருகத்துக்கா பரிந்து பேசுகிறீர்கள்?" என்பார் கீதாரி. நியாயமான கேள்வி. கிடை மறித்த இரவிலே நாலு ஆடு போனால், அந்த வீட்டிலே அடுப்பு அணைகிறது. இழப்பீடு கேட்டால் மனு, சான்று, அலைச்சல்! இன்று இந்தக் கரிசலிலே, நாளை அடுத்த கண்மாய்க்கரையிலே கிடை போடுகிறவர், எந்த அலுவலக வாசலிலே காத்துக் கிடப்பார்? பணம் வராது என்று தெரிந்தவர் இறைச்சியிலே நஞ்சு தடவினால், அவரை மட்டும் கூண்டிலே ஏற்றுவது என்ன நீதி?

கீதாரிக்கும் ஓநாய்க்கும் வழக்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருவரையும் விரட்டுவது ஒரே வேலி அல்லவா? ஆகவே ஆள்வோரைக் கேட்கிறோம்: புல்வெளியைத் தரிசுப் பட்டியலிலிருந்து எடுங்கள், மேய்ச்சல் நிலம் என்று எழுதுங்கள். செத்த ஆட்டுக்கு வீரசோழன் சந்தை விலையைக் கொடுங்கள்; அடுத்த சந்தை கூடுவதற்குள், கிடை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.