தண்டு வலித்தல்: நடுவயதில் கற்கும் நீர்த்தொழில்

பானையில் களி கிண்டும் தட்டையான மரக்கரண்டிக்குத் துடுப்பு என்று பெயர். ஓடத்தில் அமர்ந்து நீரைத் துழாவும் பலகைக்கும் அதுவே பெயர். இரண்டும் கையில் பிடித்துக் கிண்டப்படுவன. வேறொன்றில் பொருத்தப்படுவன அல்ல. ஆதலின் பெயர் ஒன்றாயிருப்பதில் வியப்பில்லை. ஆனால், படகின் விளிம்பில் ஒரு கவையிலோ கயிற்று வளையத்திலோ தாங்கி நின்று, ஆளின் இழுப்பை நெம்புகோல் போல நீருக்கு மாற்றித் தரும் நீண்ட கோலுக்குத் தமிழர் வேறு பெயர் வைத்திருந்தனர். அது தண்டு. அதனாற் செய்யுந் தொழில் தண்டு வலித்தல். வலித்தல் என்பது ஈண்டு நோவைக் குறிப்பதன்று, இழுத்தலைக் குறிப்பது. (புதிதாகக் கற்பவர் மறுநாட் காலையில் இரண்டு பொருளும் பொருந்தும் என்று வாதிடக்கூடும்.)

இந்த வேறுபாடு அகராதிக்குள் அடைந்து கிடப்பதன்று. யாழ்ப்பாணத்துக் கரையோரங்களில் சவள் வலித்தல் என்ற வழக்கு உண்டு. ஆழமில்லாத கடலேரியில் அதே மக்கள் மரக்கோலை அடிநிலத்தில் ஊன்றித் தாங்குவர். தாங்குதல் வேறு, வலித்தல் வேறு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. மலாய் மொழியும் இவ்வாறே பிரித்துப் பேசுகிறது: கையிற் பிடித்துத் துழாவுதல் காயூ; கவையில் வைத்து இழுத்தல் டாயோங். மிதிவண்டி மிதிப்பதற்கும் காயூ என்றே மலாயர் சொல்வது சுவையான செய்தி. தமிழ்ச் செய்தித்தாள்களோ ஒலிம்பிக் விளையாட்டுக்களைப் பற்றி எழுதுங்கால், இவ்விரு வேறு பந்தயங்களையும் ‘துடுப்புப் படகுப் போட்டி’ என்னும் ஒரே மூட்டையிற் கட்டிவிடுகின்றன. ஒன்றில் வீரர் போகும் திசையைப் பார்த்து அமர்வர். மற்றதில் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்வர். இதனினும் பெரிய வேறுபாடு வேண்டுமோ? முன்னதைத் துடுப்பு என்றும் பின்னதைத் தண்டு என்றும் வழங்கினால், மாணவர்க்குப் பாதி விளக்கம் பெயரிலேயே கிடைத்துவிடும்.

இலக்கியத்தில் இத்தொழிலின் தடங்கள் பல. பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல்லொடு மீண்ட பஃறிகள், குதிரைகளைப் போலக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. சிலப்பதிகாரம் வையைத் துறையில் குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் கொண்ட அம்பிகளைக் காட்டுகிறது. கம்பனின் குகன் ஆயிரம் அம்பிகட்குத் தலைவன். ஆயினும், வகுப்பறையில் குகனுடைய அன்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவன் தொழிலைப் பற்றிப் பேசுவதில்லை. கங்கையைக் கடத்திவிட்ட கைகளுக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்கும் மாணவனுக்கு விடை சொல்ல ஆசிரியர் ஆயத்தமாயிருத்தல் நன்று.

சிலாங்கூரின் வரலாறும் ஆற்றுவழி வரலாறே. 1857இல் கிள்ளான் ஆற்றின் வழியே 87 சீனச் சுரங்கத் தொழிலாளர் படகேறி, கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடம்வரை சென்றதிலிருந்துதான் கோலாலம்பூரின் கதை தொடங்குகிறது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிற்று, பின்பு சாலைகள் வந்தன, பாலங்கள் வந்தன. பந்திங் ஊர் லங்காட் ஆற்றின் கரையில் இருக்கிறது. அவ்வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு ஆறு ஒரு காலத்தில் கடக்கவேண்டிய பொருளாயிருந்தது. சம்பான் தெரிந்த பொருளாயிருந்தது. பாலம் வந்தபின் ஆறு பார்க்கும் பொருளாயிற்று. தேவை போனபின் திறமை போவது இயல்பு. இன்று நாற்பது வயதில் ஒருவர் படகு வலிக்க விரும்பினால், தந்தையிடமோ மாமனிடமோ கேட்டறிய வழியில்லை. ஒரு சங்கத்திற் சேர்ந்து, பாடமாகவே கற்கவேண்டும்.

சங்கம் என்றதும் ஒரு கசப்பான கதையும் உடன்வருகிறது. தமிழர் வாழும் நிலங்களில் தண்டு வலிக்கும் பழைய சங்கங்கள் இரண்டு. கொழும்பில் பேரை ஏரிக்கரையில் அமைந்தது 1864இல் தோன்றியது. சென்னையில் அடையாற்றங்கரையில் அமைந்தது 1867இல் தோன்றியது. இரண்டிற்கும் இடையே 1898 முதற்கொண்டு பந்தயம் நடந்து வருகிறது. ஆனால் அவற்றைத் தோற்றுவித்தவர் ஐரோப்பியர். நெடுங்காலம் அவர்க்கே அவை உரியனவாயிருந்தன. அவர்கள் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த மரபோ இன்னும் வியப்பானது. தேம்சு ஆற்றில் பயணிகளை ஏற்றிச் சென்று பிழைத்த இளம்படகோட்டிகளுக்காக 1715இல் டாகெட் என்னும் நடிகர் ஏற்படுத்திய பந்தயம் இன்றளவும் நடக்கிறது. அதாவது, அந்நாட்டிலும் இவ்விளையாட்டு கூலிக்குத் தண்டு வலித்தவரிடமிருந்து வந்ததே. பின்பு கனவான்கள் அதனைக் கைக்கொண்டனர். கொண்டபின் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, கதவை அடைத்தது! 1879இல் ஹென்லிப் பந்தயக் குழுவினர் வகுத்த விதிப்படி, கூலிக்குப் படகுத்தொழில் செய்தவரும், உடலுழைப்பாற் பிழைத்தவரும், கைவினைஞரும், தொழிலாளரும் அங்கே போட்டியிட இயலாது. தண்டு வலித்துப் பிழைத்தவனுக்குத் தண்டு வலிக்கும் பந்தயத்தில் இடமில்லை! 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஆஸ்திரேலிய எண்மர் அணி அங்கே போட்டியிட முடியாமற் போயிற்று, அவ்வணியினர் காவலர்கள். அதனால் எழுந்த நாணத்தின் பின்னரே, 1937இல், அவ்விதி நீக்கப்பட்டது. கைத்தொழிலைத் தாழ்வென்று கருதும் நோய் ஒரு நாட்டுக்கே உரியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இனிக் கற்கும் முறையைக் காண்போம். முதலில் கருவியின் அளவு. ஒருவர் அமரும் பந்தயப் படகு எட்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் முப்பது சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலமும் உடையது. அதன் எடை 14 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது விதி. அவ்வளவு இலேசாகச் செய்ய முடிகிறது என்பதே பொருள். அமர்பவரின் எடை 70 கிலோ என்று கொண்டால், ஏற்றிச் செல்லும் கலத்தைப்போல் ஐந்து மடங்கு அவர். நாற்காலியின்மேல் மனிதன் அமர்வது போலன்று. கத்தியின் முதுகில் அமர்வது போன்றது. ஆகவே நல்ல சங்கங்கள் புதியவரை இதில் ஏற்றுவதில்லை. அகன்ற பயிற்சிப் படகிலோ, எண்மர் அமரும் நீண்ட படகிலோ ஏற்றுவர். எண்மர் படகில் நால்வர் வலிக்க, மற்ற நால்வர் தண்டின் அலகை நீர்மேற் படுக்கவைத்துப் படகு சாயாமல் தாங்குவர். ஒருவர்க்கு இரண்டு தண்டு, ஒருவர்க்கு ஒரே தண்டு என இருவகை உண்டு. இரட்டைத் தண்டு சுமார் 2.9 மீட்டரும் ஒற்றைத் தண்டு சுமார் 3.7 மீட்டரும் நீளமுள்ளவை.

படகில் ஏறுமுன்பே தரையில் ஒரு பொறியின்மேல் பயிற்சி தொடங்கும். அதில் ஓடும் இருக்கையும், இழுக்கும் பிடியும், சுழலும் காற்றாடியும் இருக்கும். நடுவயதினரின் முதற்பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். அவர்கள் கையால் இழுப்பர். இழுப்பது கையின் வேலை என்று அத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தமையே காரணம். உண்மையில் இத்தொழிலில் மிகுந்த ஆற்றல் காலிலிருந்து வருகிறது. பாதம் பலகையை உதைக்க, இருக்கை பின்னோக்கி உருளும். அவ்வளவு நேரமும் கை வெறுங் கயிறாய் நீண்டிருத்தல் வேண்டும். கால் நீண்டபின் இடுப்பு சாயும். கடைசியாகத்தான் முழங்கை மடங்கும். திரும்பி வரும்போது இவ்வரிசை தலைகீழாகும்: முதலில் கை நீளும், பிறகு உடல் முன்சாயும், இறுதியிலேயே முழங்கால் மடங்கும். கால், உடல், கை. கை, உடல், கால். சொல்வதற்கு ஒரு மூச்சு. உடலுக்குப் பழக்குவதற்குச் சில மாதம்.

இச்சுற்றை நான்கு பகுதியாகப் பிரிப்பர். தமிழில் பயிற்சி தருவோர் ஊன்று, வலி, எடு, மீள் என்று ஏவலாகவே சொல்லலாம். குறுகிய சொற்கள், ஆதலால் தாளத்தில் அமரும். ஊன்றுதல் என்பது அலகை நிமிர்த்தி நீருக்குள் இறக்குவது. அலகு முழுதும் மறைந்தால் போதும். அதற்கு மேல் ஆழ்த்துவது வீண். எடுத்தல் என்பது பிடியைச் சற்றே கீழே அழுத்தி அலகை நீரினின்று விடுவித்து, படுக்கவைப்பது. இதிற் பிந்தினால் ஓடும் நீர் அலகைப் பற்றிக்கொள்ளும். பிடி வயிற்றிலோ மார்பிலோ வந்து மோதும். ஆங்கிலேயர் இதனை ‘நண்டு பிடித்தல்’ என்று வேடிக்கையாகச் சொல்வர். கற்கும் எவரும் சில நண்டுகளைப் பிடித்தே தீர்வர். இரட்டைத் தண்டுக்காரர்க்கு இன்னொரு தொல்லை: நடுவில் இரு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்கும். பெரும்பாலும் இடக்கை மேலாகச் செல்லும். அது பழகும்வரை வலக்கையின் புறத்தோல் உரியும்.

மீளுதல் ஓய்வு போலத் தோன்றும். அதுவே மிக நுட்பமான பகுதி. படகு எப்போது மிக விரைந்து செல்கிறது என்று கேட்டால், தண்டு நீரில் இருக்கும்போது என்றே எவரும் சொல்வர். உண்மை வேறு. அலகுகள் வெளியே இருக்க, ஆட்கள் இருக்கையில் உருண்டு பின்முனை நோக்கி வருங்கால்தான் படகின் விரைவு மிகுதி. கனத்த உடல் ஒருபுறம் நகர, இலேசான படகு மறுபுறம் முந்துகிறது. ஆகவே அவசரமாக உருண்டு வந்து தடாலென்று நிற்பவர், தாம் வலித்துச் சேர்த்த விரைவைத் தாமே நிறுத்திவிடுகிறார். மெல்ல வரவேண்டும். உழைத்தால் விரையும் என்ற கணக்கை வாழ்நாளெல்லாம் கைக்கொண்டவர்க்கு இது எளிதில் விளங்குவதில்லை. நிமிடத்திற்கு 18 முதல் 20 முறை வலித்தாலே தொடக்கத்திற்குப் போதும். மூன்று விநாடியில் ஒரு விநாடி வலி. இரண்டு விநாடி மீள்.

பிடியை இறுக்குவதும் பெரியவரின் பிழையே. அச்சத்தால் விரல்கள் இறுகும். இறுகிய விரலால் அலகைத் திருப்ப இயலாது. கொப்புளம் விரைவில் எழும். கையுறை போட்டால் நலமென்று தோன்றும். ஆயின் பிடியின் உணர்வு கெடுமென்பதால் பயிற்றுநர் அதனை விரும்புவதில்லை. தொங்கும் சட்டை ஆகாது, பிடியில் சிக்கும். அலகைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் ஆகாது. தலை திரும்ப, தோள் திரும்ப, படகும் சாயும். முன்னிருப்பவரின் முதுகைப் பார்த்து, அது அசையுமாறு அசைவதே வழி. வழி காண்பது சுக்கான் பிடிப்பவரின் கடமை. அவர் ஒருவரே போகும் திசை பார்த்திருப்பவர். மற்றையோர் அவர் குரலை நம்பி, கடந்த வழியைப் பார்த்துக்கொண்டே செல்கின்றனர்.

நீந்தத் தெரியாதவர் முதலில் நீந்தக் கற்கவேண்டும். கவிழ்ந்தால் படகை விட்டுக் கரைக்கு நீந்தலாகாது. படகு மிதக்கும், அதைப் பற்றியிருக்கவேண்டும் என்பது எல்லாச் சங்கங்களிலும் முதல் விதி. படகோடு பொருத்திய காலணிகளின் குதிகாலில் ஒரு சிறு கயிறு கட்டியிருப்பது, கவிழும்போது கால் தானே கழன்று வருதற்பொருட்டு. ஏறுமுன் அதனைப் பார்த்துக்கொள்வது கற்பவரின் பொறுப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடிமழை வழக்கமாதலின், காலைப்பொழுதே தக்கது.

பந்திங் ஆற்றில் இவ்வளவு ஒல்லியான படகைச் செலுத்துதல் அறிவுடைமையாகாது. ஓதம் ஏறி இறங்கும். கலங்கல் நீரில் மரக்கட்டை மிதந்து வருவது தெரியாது. அண்மையில் அமைதியான நீர் வேண்டுமெனில் புத்ராஜெயா ஏரி இருக்கிறது. சுவாவ் ஆற்றுக்கு அணையிட்டுச் செய்த ஏரி அது. பரப்பு ஏறக்குறைய 400 ஹெக்டர். கயாக்கும் டிராகன் படகும் அங்கே ஓடுகின்றன. (டிராகன் படகில் இருபதின்மர் கையாள்வது துடுப்பு, தண்டு அன்று.) அணையைத் தாண்டும் நீர் லங்காட்டிற் கலந்து, பந்திங்கைக் கடந்தே கடலுக்குச் செல்கிறது.

வயதானவர் போட்டியிடலாமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. உலகத் தண்டு வலிப்புக் கழகத்தின் விதிப்படி 27 வயது முதல் மூத்தோர் வரிசை தொடங்குகிறது. பிறகு 36, 43, 50, 55, 60 எனப் படிகள் உயர்ந்து எண்பதையும் கடக்கின்றன. அணியின் சராசரி வயதே கணக்கு. ஆதலால் இளையவர் ஒருவரும் முதியவர் ஒருவரும் ஒரே படகில் அமரலாம். தூரமும் ஒலிம்பிக்கில் வழங்கிவந்த 2000 மீட்டர் அன்று, 1000 மீட்டர்தான்.

அண்மைக் காலத்தில் கடலோரத் தண்டு வலிப்பு என ஒரு கிளை வளர்ந்து வருகிறது; 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் அது சேர்க்கப்பட்டுள்ளது. அதற்குரிய படகு அகலமானது. ஒருவர் படகே 35 கிலோ. சிறு அலைக்குக் கவிழாது. தொடங்கும் பெரியவர்க்கு ஒல்லிப் படகினும் இதுவே ஏற்றது. பந்திங்கினர்க்கு மோரிப் கடற்கரை அண்மையில் உள்ளது. ஆயின் அதன் சேறு பெயர்பெற்றது: 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படையினர் அங்கே இறங்கியபோது வண்டிகள் புதைந்து நின்றன. நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும்; பெருக்கிற் புறப்பட்டவர் வற்றத்தில் திரும்பினால் முழங்கால் சேற்றில் படகைத் தூக்கி நடக்கவேண்டியதுதான். அங்கே பயில விரும்புவோர் தண்டைத் தொடுமுன் பார்க்கவேண்டியது அன்றைய ஓத அட்டவணை.