தரவும் தந்தோரும்: மருத்துவ ஆய்வுக் களஞ்சியம் ஒன்றன் இயல்பு

1. சொல்லும் பொருளும்

ஒத்தாழிசைக் கலிப்பாவின் உறுப்புக்களுள் முதற்கண் நிற்பது தரவு. தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் அதன் பின்னரே வரும். பின் வருவனவற்றிற்கு வேண்டும் பொருளை முன்னர்த் தந்து நிற்பது அவ்வுறுப்பு. இற்றை நாள் அறிவியலார் ‘டேட்டா’ என வழங்கும் சொல்லுக்கு நேராகத் தமிழில் ‘தரவு’ என்பதே நிலைபெற்றுவிட்டது. அப் பிறமொழிச் சொல்லும் கொடுத்தற் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்து, ‘கொடுக்கப்பட்டவை’ எனப் பொருள்படுவது. இரு சொற்களும் ஒரு கருத்தின்மேல் நிற்றல் நோக்கத்தக்கது.

கொடுக்கப்பட்டது எனின் கொடுத்தோர் உளர், கொண்டோரும் உளர். தமிழிலக்கணத்தில் கொடைப் பொருளும் பொருட்டு என்னும் பொருளும் நான்காம் வேற்றுமையுள் அடங்குகின்றன. யார்க்குக் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்னும் இரண்டும் ‘கு’ என்னும் ஓருருபின்கண் நிற்கின்றன. மருத்துவ உயிரியல் ஆய்வாளர் மக்களின் உடல்நலத் தரவுகளை எவ்வாறு பெறுகின்றனர், எக்கருவிகளைக் கொண்டு ஆராய்கின்றனர் என்று காணப் புகின், இவ்விரு வினாக்களே அவர்தம் முறையனைத்தையும் ஆள்கின்றன என்பது புலனாகும். களஞ்சியம் ஒன்றனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

2. களஞ்சியத்தின் தோற்றம்

பிரித்தானியாவில் ‘யு.கே. பயோபேங்க்’ என்னும் நிறுவனம் உள்ளது. உயிர்ப்பொருள் வைப்பகம் என அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2006ஆம் ஆண்டு முதல் 2010ஆம் ஆண்டு வரை, 40 முதல் 69 வரை அகவையுடைய ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் தாமாக முன்வந்து அதில் சேர்ந்தனர். இங்கிலாந்து, வேல்சு, ஸ்காத்துலாந்து ஆகிய பகுதிகளில் 22 இடங்களில் ஆய்வு நிலையங்கள் அமைக்கப்பட்டன. வந்தோர் உணவு, உழைப்பு, உறக்கம், குடும்பத்தார் நோய் முதலியன பற்றிய வினாக்களுக்கு விடையளித்தனர். உயரம், எடை, குருதி அழுத்தம், கைப்பிடியின் வலிமை ஆகியன அளக்கப்பட்டன. குருதியும் சிறுநீரும் பெறப்பட்டுக் கடுங்குளிரில் காக்கப்பட்டன.

அவர்கள் கொடுத்தது ஒரு நாளைய அளவுகள் மட்டும் அன்று. தம் மருத்துவமனைக் குறிப்புகளையும், புற்றுநோய்ப் பதிவேட்டையும், இறப்புப் பதிவேட்டையும் பிற்காலத்தும் தொடர்ந்து இணைத்துக்கொள்ள ஒப்புதல் தந்தனர். இதுவே இக்களஞ்சியத்தின் தனிச்சிறப்பு. நோயுற்ற பின்னர் ஒருவரை வினவுவதற்கும், நோய் தோன்றுமுன் அளந்து வைத்துக்கொண்டு பல்லாண்டு காத்திருந்து நோக்குவதற்கும் வேறுபாடு பெரிது. முன்னையதில் நினைவு பிழைக்கும். நோயே அளவுகளை மாற்றியும் இருக்கும். பின்னையதில் காரணமாகலாம் என ஐயுறுவது முன்னும், விளைவு பின்னும் பதிவாகின்றன. ஆண்டு செல்லச் செல்ல இதன் பயன் மிகுவதற்கு இதுவே காரணம்.

3. வாயில்

2012ஆம் ஆண்டு இக்களஞ்சியம் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தாரும் வணிக நிறுவனத்தாரும், எந்நாட்டவராயினும், விண்ணப்பிக்கலாம்.  விண்ணப்பிப்போர் தாம் மெய்யான ஆய்வாளர் என்பதை முதற்கண் நிறுவுதல் வேண்டும். ஆராயும் வினா யாது, அது மக்கள் நலத்திற்கு எவ்வாறு பயன்படும், எவ்வெத் தரவுகள் தேவை என்பவற்றை எழுதித் தருதல் வேண்டும். ஒப்புதல் பெற்ற பின்னர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுக் கட்டணம் செலுத்துவர். பொருள்வளம் குறைந்த நாட்டினர்க்கும் மாணவர்க்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆய்வு முடிந்ததும் முடிவுகளை வெளியிடுதலும், தாம் கணக்கிட்டுப் பெற்ற புதிய அளவுகளைக் களஞ்சியத்திற்கே திருப்பித் தருதலும் கடமை. ஒருவர் உழைப்பு அடுத்து வருவோர்க்குத் தரவாகின்றது.

தந்தோர் தம் கொடையைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. இனித் தம்மோடு தொடர்பு கொள்ள வேண்டா என ஒருவர் சொல்லலாம். தொடர்பும் வேண்டா, பதிவேடுகளினின்று புதிய செய்தி பெறுதலும் வேண்டா எனலாம். முன் தந்தவற்றையும் இனிப் பயன்படுத்த வேண்டா எனவும் கூறலாம். இம் மூன்றாம் நிலையை ஒருவர் வேண்டின், அவர்க்குரிய எண் ஆய்வாளர்க்கு அறிவிக்கப்படும். அவர்கள் அவ்வெண்ணுக்குரிய வரியைத் தம் கணக்கினின்று நீக்குதல் வேண்டும். எண் என்று கூறியதன் காரணம், ஆய்வாளர் எவர் பெயரையும் காண்பதில்லை என்பதே. ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்திற்கும் வெவ்வேறு எண்வரிசை தரப்படுவதால், இரு திட்டத்தினர் தம் பட்டியல்களை ஒப்பிட்டு ஒருவரை இனங்காணுதல் அரிது.

4. பெயர் நீக்கம் போதுமா?

பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று ஒரு காலத்தில் எண்ணினர். அவ்வெண்ணம் பிழை என்பதை அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்சு மாநிலத்து நிகழ்ச்சி ஒன்று காட்டிற்று. அம்மாநில அரசூழியரின் மருத்துவமனைக் குறிப்புகள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வுக்கென வழங்கப்பட்டிருந்தன. ஆயினும் பிறந்த நாள், பால், அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றும் அவற்றில் எஞ்சியிருந்தன. 1990களின் பிற்பகுதியில், அப்போது மாணவியாக இருந்த இலத்தான்யா சுவீனி என்பார், கேம்பிரிட்சு நகர வாக்காளர் பட்டியலை விலை கொடுத்து வாங்கி, இம்மூன்றையும் அதனோடு பொருத்தினார். ஆளுநராய் இருந்த வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பு வெளிப்பட்டது.

தனித்து நிற்குங்கால் ஒன்றும் காட்டாத மூன்று செய்திகள், கூடிய விடத்து ஓராளைக் காட்டிவிட்டன. ஆதலின் பெயரை மறைத்தலோடு அமையாது, தரவு எங்கெங்குச் செல்கின்றது என்பதையும் காத்தல் வேண்டும் என்னும் தெளிவு பிறந்தது. இதனை மனத்துட் கொண்டால் அடுத்துக் கூறும் மாற்றம் எளிதில் விளங்கும்.

5. கருவிகள்

முன்னர் ஆய்வாளர் தரவுகளைத் தம் பல்கலைக்கழகக் கணினிக்கு இறக்கிக்கொண்டனர். 2021இல் இந்நிறுவனம் ‘ஆய்வுப் பகுப்பாய்வு மேடை’ எனத்தக்க ஏற்பாடு ஒன்றைத் தொடங்கிற்று. தொலைவிலுள்ள பெருங்கணினிகளில் தரவு இருக்கும். ஆய்வாளர் இருந்த இடத்திலிருந்தே இணையவழி அதனுள் நுழைந்து கணக்கிடுவர். 2024ஆம் ஆண்டு முதல், தரவை இறக்கிக்கொள்ளுதலை விடுத்து அம்மேடையிலேயே ஆராய்தல் பொதுவிதியாயிற்று. தொகுத்த முடிவுகளை வெளியே கொண்டுவரலாம். தனியொருவர் பற்றிய வரிகளைக் கொண்டுவருதல் ஆகாது. ஏட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லவிடாது, நூலகத்திலேயே இருந்து படிக்கச் சொல்வதனை இஃது ஒக்கும்.

பாதுகாப்பு மட்டும் இம்மாற்றத்திற்குக் காரணம் அன்று. 2023 நவம்பரில், சேர்ந்தோருள் 4,90,000க்கு மேற்பட்டோரின் முழு மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. ஒருவரின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களால் ஆயது. இத்துணைப் பெரிய தொகுப்பைத் தனியொரு துறையின் கணினி தாங்காது. தரவு ஆய்வாளரிடம் செல்வதை விட்டு, ஆய்வாளர் தரவிடம் செல்லும் நிலை இவ்வாறு வந்தது.

மேடையில் உள்ள கருவிகளுள் ‘ஜூப்பிட்டர்’ என்னும் குறிப்பேடு ஒன்று. ‘ஆர்’, ‘பைத்தான்’ முதலிய கணினி மொழிகளில் எழுதும் கட்டளை, அதன் விளைவு, அதற்கு ஆய்வாளர் தரும் விளக்கம் ஆகியன ஒரே ஏட்டில் வரிசையாக நிற்கும். பிறர் அவ்வேட்டைப் பெற்று அதே படிகளில் நடந்து அதே முடிவை அடையலாம். அடையாவிடின் பிழை எப்படியில் என்று காணலாம்.

கருவி எளிதாயினும் அதனைப் பயன்படுத்தும் நெறி கடியது. மரபணுத்தொகுதியில் ஓரிடத்து எழுத்து மாறுபாட்டிற்கும் ஒரு நோய்க்கும் தொடர்புண்டா என நோக்குங்கால், ஏறத்தாழ 10 இலட்சம் தனித்தனிச் சோதனைகள் செய்ததற்கு ஒப்பாகும். தற்செயலாய் நேர 20இல் 1 வாய்ப்பு இருப்பினும் ஏற்கலாம் என்று பொது அளவுகோலைக் கொண்டால், தொடர்பே இல்லாதவற்றுள்ளும் 50,000 இடங்கள் தொடர்புடையன போல் தோன்றிவிடும். ஆதலின் 2 கோடியில் 1 என்னும் மிக நுண்ணிய அளவுகோலை இத்துறையினர் மரபாக மேற்கொண்டனர். நிறையத் தேடுவோர் எதையேனும் கண்டே தீர்வர். கண்டது மெய்யா என்பதற்குத் தேடலின் பரப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

6. நோயாளர் யாவர்?

தரவு கையில் வந்த பின்னர்த் தோன்றும் முதல் இடர்ப்பாடு சொற்பொருள் பற்றியது. நீரிழிவை ஆராயப் புகுந்தார் ஒருவர் எனக் கொள்வோம். 5 இலட்சம் பேருள் நீரிழிவுடையோர் யாவர்? தமக்கு அந்நோய் உண்டு எனத் தாமே கூறினோர் ஒரு பட்டியல். மருத்துவமனைக் குறிப்பில் அந்நோய்க்குரிய குறியீடு பெற்றோர் மற்றொரு பட்டியல். அந்நோய்க்கு மருந்து உண்போர் இன்னொரு பட்டியல். குருதியில் சர்க்கரையொடு இணைந்த ஈமோகுளோபினின் அளவு நூற்றுக்கு 6.5 என்னும் எல்லையை எட்டினோர் வேறொரு பட்டியல். இந்நான்கும் முற்றும் ஒத்திரா. நோய் இருந்தும் அறியாதோர் முதற்பட்டியலில் இரார். மருந்தால் அளவு தணிந்தோர் இறுதிப் பட்டியலில் விடுபடலாம்.

குறியீடு என்றதும் ஐயத்திற்கு இடமற்றது அன்று. ஜாக் பெர்த்தியோன் என்னும் பிரெஞ்சு அறிஞரின் இறப்புக் காரணப் பட்டியல் 1893இல் ஏற்கப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய பன்னாட்டு நோய்ப் பகுப்பு. அதன் பத்தாம் திருத்தத்தில் இரண்டாம் வகை நீரிழிவு ‘ஈ11’ எனக் குறிக்கப்படும். மருத்துவமனையில் குறியீடு எழுதுவோர் நிருவாகத் தேவையை நோக்கியே எழுதுகின்றனர். பிற்கால ஆய்வாளரின் வினாவை அவர் அறியார். ஏடெழுதுவோரின் நோக்கமும் பதிப்பாசிரியரின் நோக்கமும் வேறாதல் போன்றது இது. ஆதலின் நல்ல ஆய்வாளர் எப்பட்டியலைக் கொண்டனர், ஏன் கொண்டனர் என்பதைத் தம் கட்டுரையில் தெளிவாகக் கூறுவர். பாடவேறுபாடு காட்டாத பதிப்பை நாம் ஐயுறுவது போல, இது கூறாத ஆய்வையும் ஐயுறுதல் தகும்.

7. வாராதோர்

இதனினும் ஆழ்ந்த இடர்ப்பாடு ஒன்றுளது. களஞ்சியத்தார் ஏறத்தாழ 92 இலட்சம் பேர்க்கு அழைப்பு விடுத்தனர். வந்தோர் நூற்றுக்கு ஐவர் அல்லது அறுவரே. வந்த அவர் யாவர்? 2017இல் வெளிவந்த ஒப்பீடு ஒன்று, 70 முதல் 74 வரை அகவையில் இவர்தம் இறப்பு வீதம் நாட்டின் பொதுமக்கள் வீதத்தினும் ஆடவரிடை நூற்றுக்கு ஏறத்தாழ 46 பங்கும், மகளிரிடை ஏறத்தாழ 55 பங்கும் குறைவு எனக் காட்டிற்று. இவர்கள் புகைபிடித்தல் குறைந்தவர். வறுமை மிக்க பகுதிகளில் வாழ்தலும் குறைவு. நலமுடையோரும் ஓய்வுடையோருமே பெரிதும் வந்தனர் என்பது இதனால் தெளிவு.

ஆதலின் ஒரு நோய் நாட்டில் எத்துணை மக்களுக்கு உண்டு என்னும் வினாவுக்கு இக்களஞ்சியம் விடை தாராது. ஒரு காரணத்திற்கும் ஒரு நோய்க்கும் உள்ள தொடர்பைக் காண்டற்கு இது பெரிதும் உதவும். புகைத்தல் நுரையீரலைக் கெடுக்கும் இயல்பு நலமுடையோரிடத்தும் மாறாதன்றோ? எனினும் அங்கும் எச்சரிக்கை வேண்டும். ஒரே தரவு ஒரு வினாவுக்குத் தக்கதாகவும் மற்றொன்றுக்குத் தகாததாகவும் இருத்தல் கூடும்.

சேர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பேர் வெள்ளையர். மரபணு மாறுபாடுகளைக் கூட்டி ஒருவரின் நோய்வாய்ப்பைக் கணிக்கும் எண்கள், ஐரோப்பிய வழியினரிடம் பெற்ற தரவால் அமைந்தவிடத்து, ஏனை வழியினர்க்குப் பொருந்துதல் குறைகின்றது. நம்மவர்க்கு இது நேரே பொருள் உடையது. இந்திய மக்களின் 10,000 மரபணுத்தொகுதிகளைத் திரட்டிய ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் தரவுகள், 2025 சனவரியில் ஆய்வாளர்க்கெனத் திறக்கப்பட்டமையின் இன்றியமையாமை இதனால் விளங்கும். அவை பரிதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டுள்ளன.

8. முடிவு

இதுகாறும் கூறியவற்றால், தரவு என்பது தானே கிடந்த பொருள் அன்று, ஒருவர் ஒரு காலத்தில் ஒரு நோக்கத்திற்கெனத் தந்த பொருள் என்பது பெறப்படும். வாயிலில் நிகழும் வினாக்களும், பெயர் மறைத்தலும், மேடையை விட்டுத் தரவு வெளியேறாமையும் தந்தோர்க்குச் செய்யும் கடன். பட்டியலின் வரையறையைக் கூறுதலும், வாராதோரை நினைதலும் உண்மைக்குச் செய்யும் கடன். முன்னதை மறந்த ஆய்வு நம்பிக்கையைக் கெடுக்கும். பின்னதை மறந்த ஆய்வு முடிவைக் கெடுக்கும். கருவி எத்துணை விரைவுடையதாயினும் இவ்விரு கடன்களையும் தான் ஆற்றாது.

தமிழாய்வு மாணவர் இன்று சிற்றூர் சென்று தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்கின்றனர். சொல்லடைவுகளைக் கணினியில் ஏற்றுகின்றனர். பாடிய மூதாட்டி அப்பாட்டை யார்க்குத் தந்தார், எதற்குத் தந்தார், இழவு வீட்டில் தம் கணவனை நினைந்து அழுதது கணினி வழியே எங்கெங்குச் செல்லும் என்பதை அறிந்து தந்தாரா? வேண்டா என்று பின்னர்ச் சொல்ல அவர்க்கு வழி வைத்தோமா? பாட மறுத்தோர் யாவர், அவர் பாட்டின்றி நாம் வகுத்த முடிவு எத்துணைக் குறையுடையது? மருத்துவத் துறையினர் பல ஆண்டு இடர்ப்பட்டு இவ்வினாக்களுக்கு விதி வகுத்துள்ளனர். நாமும் ஒலிப்பதிவுக் கருவியை இயக்குமுன் அவற்றைக் கேட்டு, விடையையும் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும்.