தானே அகலும் சாரம்

வீடு கட்டும்போது சவுக்குக் கழிகளால் சாரம் கட்டுகிறோம்; சுவர் எழும்பியதும் அவிழ்த்து விடுகிறோம். காயம்பட்ட உடலுக்கும் புதுத் தசை வளர ஒரு சாரம் வேண்டியிருக்கிறது. ஆனால் உடலுக்குள் வைத்ததை வெளியே எடுக்க மீண்டும் கத்தியை அல்லவா நாட வேண்டும்? வேலை முடிந்ததும் சாரமே கரைந்துவிட்டால் எத்துணை நன்மை! அத்தகைய பொருள்களைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

சிறு மூலக்கூறுகள் மணிகளைப் போல் கோக்கப்பட்டு நீண்ட மாலையானால், அதனைப் பலபடி என்பர். பாலிதீன் ஒரு பலபடி. நம் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதமும் ஒரு பலபடியே. முன்னதை நம் உடலால் கரைக்க இயலாது. பின்னதை உடலிலுள்ள நொதிகள் சிறுகச் சிறுகக் கரைத்துவிடும்.

கொலாஜன் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்ற கருத்தை 1954ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டனர். அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இப்பொருளையே ஆராய்ந்து வருகிறது. தோல் பதனிடுதல் என்பது யாது? கொலாஜன் புரிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை இட்டு, அது அழுகாமற் காப்பதேயாகும். பிணைப்பு மிகுந்தால் செருப்பு. குறைந்தால் உடலில் கரையும் மருந்துத் தாள். அந்நிலைய அறிஞர்கள் தீப்புண்ணுக்கான கொலாஜன் தாள்களையும் உருவாக்கினர்.

அம்பத்தூர், ஆவடி போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் வாழ்வோர் இதன் அருமையை எளிதில் உணரலாம். தீப்புண்மேல் வைக்கும் வெறுந்துணி உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். கட்டு மாற்றுந்தோறும் புதிதாய் முளைத்த தோலும் பிய்ந்து வரும், நோயாளி துடிப்பார். கொலாஜன் தாளோ ஈரத்தைக் காத்து, புதிய உயிரணுக்கள் படர இடந்தருகிறது. புண் ஆற ஆற, ஒரு பகுதி கரைந்தும் எஞ்சியது தானே உரிந்தும் அகலும். ஆழமான தீப்புண்ணுக்கு மட்டும் தோல் ஒட்டு மருத்துவமே தேவை.

மருந்தைச் சுமந்து செல்லவும் இத்தகைய பொருள்கள் உதவுகின்றன. தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்து, நுண்ணிய உருண்டைகளாக்கி, அவற்றினுள் மருந்தை அடைக்கின்றனர். உடலின் நீர் அச்சங்கிலியை மெல்ல அறுக்க, மருந்து சிறிது சிறிதாகக் கசிகிறது. கிளைக்காலிக் அமிலத்தை வேண்டிய அளவு கலந்து, கரையும் காலத்தையும் வகுத்துக்கொள்ளலாம். நாள்தோறும் போட்டுவந்த புராஸ்டேட் புற்றுநோய் ஊசி ஒன்றை, மாதம் ஒருமுறை போட்டால் போதும் என்ற நிலை 1989இல் அமெரிக்காவில் இவ்வாறே வந்தது.

எனினும் நேயர்களே, எச்சிறந்த தாளும் தூய புண்மீதுதான் பயன் தரும். தீப்பட்ட இடத்தில் மையோ மாவோ பற்பசையோ தடவாதீர்கள். இருபது நிமிடம் குளிர்ந்த குழாய்நீரை ஓடவிட்டு, தூய துணியால் மூடி, மருத்துவமனைக்கு விரையுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கெனவே தனிப் பிரிவு இருக்கிறது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்யும்; முதல் இருபது நிமிடம் நம் கடமை.