பிறந்த 3-வது நாள் குதிகாலில் ஒரு குத்து: பச்சிளம் குழந்தைக்கு இந்த டெஸ்ட் ஏன் முக்கியம்?

"பாப்பா ரொம்ப சமத்து. அழவே மாட்டேங்குது, தூங்கிக்கிட்டே இருக்குது." குழந்தை பார்க்க வருபவர்கள் இப்படிச் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஓயாத தூக்கத்தோடு, பால் குடிக்கச் சோம்பல், மலச்சிக்கல், பல நாளாகியும் தெளியாத மஞ்சள் காமாலை எல்லாம் சேர்ந்தால் அது பிறவித் தைராய்டு குறைபாடாகவும் இருக்கலாம். அறிகுறிகள் தெளிவாகத் தெரியும்போது மூளை வளர்ச்சிக்கான முக்கியமான நாட்கள் போயிருக்கும். அதற்கு முன்பே கண்டுபிடிக்கத்தான் குதிகால் ரத்தப் பரிசோதனை.

எப்படிச் செய்கிறார்கள்?

பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள், குதிகாலின் ஓரத்தில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் எடுத்துக் காய வைக்கிறார்கள். அந்த அட்டை ஆய்வகத்துக்குப் போகும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி கொண்டுவந்த முறை இது.

பிறந்த உடனே ஏன் எடுப்பதில்லை? முதல் நாளில் எல்லாக் குழந்தைகளுக்குமே டிஎஸ்எச் அளவு இயல்பாக எகிறும். அப்போது எடுத்தால் இல்லாத நோய் இருப்பதுபோலக் காட்டலாம். சில மருத்துவமனைகளில் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்தும் தைராய்டு பார்க்கிறார்கள்.

அவ்வளவு பேருக்கா வருது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 5 நகரங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்தது. சராசரியாக 1,130 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. சென்னையில் மட்டும் 727-ல் ஒன்று.

இதற்கான மருந்து விலை குறைந்த தைராக்சின் மாத்திரை. தினமும் ஒரு வேளை, பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுத்தால் போதும். பிறந்த 2 வாரத்துக்குள் தொடங்கினால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். தாமதமானால் அறிவு வளர்ச்சியில் ஏற்படும் இழப்பை எந்த மாத்திரையாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

வேறு என்னென்ன நோய்கள்?

பிறவி அட்ரினல் சுரப்பிக் கோளாறு: உடலில் உப்பு குறைந்து, முதல் சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். ஆண் குழந்தைகளிடம் வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

ஜி6பிடி குறைபாடு: பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் போர்த்தினால்கூட ரத்த அணுக்கள் உடையலாம். சில மருந்துகளும் ஆகாது. முன்பே தெரிந்தால் தவிர்த்துவிடலாம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: நுரையீரலிலும் கணையத்திலும் சளி கெட்டியாகி அடைக்கும் மரபணு நோய். இந்தக் குழந்தைகளுக்கு முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். சேலம், நாமக்கல் வெயிலில் இது சாதாரண விஷயமில்லை. வியர்வையோடு உப்பு அதிகமாக வெளியேறிக் குழந்தை துவண்டுவிடும். இந்தியாவில் இது அரிது என்று நீண்ட காலம் நம்பப்பட்டதால், நிமோனியா, காசநோய் என்றே பல குழந்தைகளுக்கு வைத்தியம் நடக்கிறது. பிரிட்டனில் 2007 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் பரிசோதிக்கிறார்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால்?

இவற்றில் பல நோய்கள், அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால்தான் தாக்கும். இருவரும் நோயின்றி அந்த மரபணுவை மட்டும் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் மணந்தால் இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28% திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. அதற்காக, வெளியில் கட்டியவர்களுக்கு டெஸ்ட் வேண்டாம் என்று அர்த்தமில்லை. தைராய்டு குறைபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவதே இல்லை.

எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டா?

எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயம் என்ற தேசியத் திட்டம் இந்தியாவில் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் பிறவித் தைராய்டு குறைபாடு இருக்கிறது. ஆனாலும் எந்த மருத்துவமனையில் எதைப் பார்க்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

டெஸ்ட் எடுத்தாச்சு, அப்புறம்?

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ரிசல்ட் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். சங்ககிரி லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அப்பா லோடோடு வடமாநிலத்தில் இருப்பார், அம்மாவும் குழந்தையும் தாய் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரே நம்பர் 'சுவிட்ச்டு ஆஃப்' என்றால், அந்த 2 வாரம் அப்படியே கரைந்துவிடும்.

'பாசிட்டிவ்' என்று போன் வந்தால் பயந்துவிட வேண்டாம். முதல் பரிசோதனை சந்தேகத்தை மட்டுமே சொல்லும். உறுதிப்படுத்த மறு ரத்தப் பரிசோதனையும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றால் வியர்வைப் பரிசோதனையும் உண்டு. ஆனால் "குழந்தை நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடக் கூடாது.

டிஸ்சார்ஜுக்கு முன் கேட்க வேண்டியவை

- குதிகால் அல்லது தொப்புள்கொடி ரத்தம் எடுத்தார்களா? எந்தெந்த நோய்களுக்கு?
- ரிசல்ட் எந்தத் தேதியில் வரும்? யாரைக் கேட்க வேண்டும்?
- குழந்தையோடு இருக்கப்போகும் பாட்டி அல்லது சித்தியின் நம்பரையும் பதிவு செய்தார்களா?
- 48 மணி நேரத்துக்கு முன்பே கிளம்பினால், மறுபடி எப்போது வர வேண்டும்?

சொன்ன தேதியில் போன் வரவில்லையா? 'எல்லாம் நார்மல்' என்று நீங்களாக முடிவு செய்யாமல், நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.