ஆசைக் காரை யாரிடம் விற்பது?

குடும்பத்தை ஏற்றிச் செல்வதற்காக அன்றி, ஓட்டுகிறவரின் மகிழ்ச்சிக்காகவே வடிவமைக்கப்படும் வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்கிறோம். பெரும்பாலும் இரண்டே இருக்கைகள், தரையை ஒட்டிய உடல், எடைக்கு மிஞ்சிய எஞ்சின் திறன், வேகத்திலும் சாயாமல் வளைவில் திரும்பும் தன்மை ஆகியவை அதன் அடையாளங்கள். இத்தகைய காரை வாங்கும்போது மைலேஜையோ டிக்கியின் அளவையோ எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் விற்க முற்படும்போது, அந்த இரண்டையும் முதல் கேள்வியாகக் கேட்கும் சந்தைக்கே உரிமையாளர்கள் அதைக் கொண்டுபோகிறார்கள். பல ஆண்டுகள் கண்ணும் கருத்துமாகப் பராமரித்த கார் பாதி விலைக்குப் போய்விட்டதே என்று பின்னர் எழும் வருத்தத்துக்கு, காரின் குறையைவிட, தவறான சந்தையே பெரும்பாலும் காரணமாக அமைகிறது.

தென்காசி நகரை ஒட்டியுள்ள குத்துக்கல்வலசை போன்ற ஊரில் இருக்கும் உரிமையாளருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். சுற்றுவட்டாரத்துப் பழைய கார் வணிகம், ஏழு பேர் ஏறக்கூடிய வண்டியையும் டீசல் காரையும் நன்கு அறிந்தது; அவற்றின் விலையைத் தரகர்கள் ஆண்டையும் ஓடிய கிலோமீட்டரையும் கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள். இரண்டு இருக்கைக் கார் வந்து நின்றால், அதை மறுபடி யாரிடம் தள்ளுவது என்ற அச்சத்தையும் சேர்த்தே அவர்கள் விலை சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் அவர்கள் மீது குற்றம் காண இடமில்லை. அந்தக் காரைத் தேடி அலைகிறவர் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பெங்களூரிலோ கொச்சியிலோ இருக்கிறார். அவருக்கும் இந்தக் காருக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதுதான் விற்பவரின் உண்மையான வேலை.

கோயம்புத்தூரை முதலில் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. குறைந்த செலவில் ஓடக்கூடிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தனும், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்த ஊர்க்காரர்கள். கரிவர்தனின் பெயரில் செட்டிப்பாளையத்தில் பந்தயத் தடமே இருக்கிறது. சென்னைக்கோ சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களின் நீண்ட நினைவும், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் உண்டு. ஓர் எஞ்சினின் ஒலியைக் கேட்டே அதன் நலத்தைச் சொல்லக்கூடிய மெக்கானிக்குகளும் அவர்களை நம்பும் ஆர்வலர்களும் இத்தகைய ஊர்களில்தான் சேர்ந்திருக்கிறார்கள். இந்த ஆர்வலர் வட்டத்துக்குள், ஒரு கார் விற்பனைக்கு வந்திருக்கிறது என்ற செய்தி போய்ச் சேர்ந்தாலே பாதி விற்பனை முடிந்த மாதிரி.

விற்பதற்கான வழிகள் பல. புதிய கார் வாங்கும் ஷோரூமிலேயே பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்வது எளிது; அலைச்சல் இல்லை, விலையும் இல்லை. வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பரிசோதித்து அன்றே விலை சொல்லும் இணைய நிறுவனங்கள், ஆயிரக்கணக்கில் விற்பனையாகும் மாடல்களின் விலைத் தரவை வைத்தே கணக்கிடுகின்றன. அரிதாகக் கைமாறும் காருக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. மேலும், பழைய கார் வணிகர் தம் லாபத்தின் மீது கட்டும் ஜி.எஸ்.டி. 2025 தொடக்கத்திலிருந்து பொதுவாக 18 சதவீதம் என்று ஆகியிருப்பதால், அந்தச் சுமையும் அவர் கேட்கும் விலையில் ஒளிந்திருக்கும். தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்குத் தம் சொந்தக் காரை விற்கும்போது இந்த வரி கிடையாது.

இவற்றுக்கு நடுவே ஒரு நல்ல வழி, உயர்விலைக் கார்களை மட்டும் கையாளும் விற்பனையாளரிடம் காரை ஒப்படைத்து, விற்ற பிறகு அவருக்குரிய கமிஷனைக் கொடுப்பது. கார் விற்பனையாளரின் ஷெட்டில் இருக்கும்; உரிமை விற்பவரிடமே இருக்கும். இதில் உள்ள ஆபத்து வெளிப்படையானது: யாரோ ஓட்டிப் பார்க்கும்போது நேரும் விபத்துக்கு யார் பொறுப்பு? இதற்காகவே 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பழைய கார் விற்பனையாளர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும். கார் அவரிடம் ஒப்படைக்கப்படும்போது படிவம் 29சி மூலம் அதைத் தெரிவித்துவிட்டால், அப்போதிருந்து காருக்கான பொறுப்பு அவரைச் சேரும். அங்கீகாரம் இல்லாதவரிடமும், இந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுபவரிடமும் சாவியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஆனாலும் அருமை தெரிந்து வளர்த்த காருக்கு, அதன் அருமை தெரிந்த ஒருவரை நேரடியாகக் கண்டடைவதே சிறந்த வழி. அதற்குச் சில மாதங்கள் பிடித்தாலும் பொறுக்கத்தான் வேண்டும். சச்சின் டெண்டுல்கரின் சிவப்பு ஃபெராரி 360 மொடேனாவை இங்கே நினைத்துப் பார்க்கலாம். டெஸ்ட் சதங்களில் பிராட்மேனின் 29 என்ற எண்ணிக்கையைத் தொட்டதற்காக 2002-இல் பரிசளிக்கப்பட்டு, மைக்கேல் ஷூமாக்கரின் கையால் வழங்கப்பட்டு, இறக்குமதி வரி விலக்கு தொடர்பான சர்ச்சையால் நாடு முழுவதும் பேசப்பட்ட அந்தக் காரையே அவர் 2011-இல் சூரத்தைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அவ்வளவு வரலாறு கொண்ட காரும் கைமாறத்தான் செய்தது என்பதால், ஆசையாக வைத்திருந்ததை விற்பது துரோகம் போலக் கருதி, ஷெட்டில் போட்டே வீணாக்கும் உரிமையாளர்கள் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

வீணாவது என்பது குற்றாலப் பகுதியில் வெறும் வார்த்தையன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றும் சாரலும் மனிதருக்கு இதம். ஓடாமல் நிற்கும் காருக்கோ அது பெரும் கேடு. பிரேக் டிஸ்க்கில் செந்துரு படரும், தோல் இருக்கைகளில் பூஞ்சை வெள்ளையாகப் பூக்கும், திறந்து மூடும் கூரையின் ரப்பர் விளிம்புகள் ஊறி இளகும். போதாததற்கு எலிகள் வயரிங்கைக் கடித்துவைக்கும். காற்று புகாத கவரைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே இந்தப் பக்கத்து உரிமையாளர் விற்க முடிவெடுத்தால், சாரலும் வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்த தை, மாசி மாதங்களில் காரை வெளியே எடுத்து, சர்வீஸ் செய்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைப்பது பொருத்தமாக இருக்கும்.

அந்தப் படங்களில் அழகை மட்டும் காட்டுவது போதாது. அனுபவமுள்ள வாங்குநர் முதலில் குனிந்து காரின் அடிப்பகுதியைத்தான் பார்ப்பார்; நம் ஊர் வேகத்தடைகளில் தாழ்ந்த கார் உரசாமல் தப்பாது என்பது அவருக்குத் தெரியும். அடுத்து, பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சிறு கருவியைக் கதவு, பானெட், கூரை என்று ஒவ்வொரு பகுதியிலும் வைத்துப் பார்ப்பார். ஆலையில் அடித்த பெயின்ட் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும், டிங்கரிங் செய்து மறுபூச்சு அடித்த இடத்தில் எண் திடீரென்று பலமடங்காகும். இதை மறைப்பதில் பயனில்லை. எந்த ஆண்டு, எந்தக் கதவு, எதனால் அடிபட்டது என்பதை விற்பவரே முன்கூட்டிச் சொல்லி, அந்த வேலைக்கான பில்லையும் காட்டிவிட்டால், மற்றவை குறித்த அவருடைய சொல்லுக்கும் மதிப்பு கூடிவிடும்.

காருடன் பிறந்த எஞ்சினே இன்னும் அதில் இருக்கிறது என்பதை ஆவணத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு நிறுவுவதும் முக்கியம். சேசிஸில் பொறித்த எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கும் வழக்கம் போக்குவரத்து அலுவலகங்களில் உண்டு. அந்த ஒரு துண்டுத் தாள் பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும். இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரான டிசி அவந்தி விஷயத்தில் நடந்ததைப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். மும்பையில் 2020 டிசம்பரில் பிடிபட்ட, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஓர் அவந்தியின் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஹரியானாவில் பதிவான இன்னொரு வண்டிக்கும் இருந்ததாகக் காவல் துறை அப்போது அறிவித்தது.

தென்காசிக்காரருக்கு இயல்பாகவே கைக்கெட்டும் பெரிய சந்தை கேரளம். கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை தென்காசி வழியாகவே புளியரை, ஆரியங்காவு என்று மலையேறிப் போகிறது. மலையாளிகளின் கார் மோகமும் நாடறிந்தது. டெல்லித் தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் எதிராக வந்த நீதிமன்ற ஆணைகளால், அங்கிருந்து உயர்விலைக் கார்கள் மலிவாகத் தெற்கே வந்திருக்கின்றன. விலையில் அவற்றோடு போட்டியிட முடியாது. ஆனால் ஒரே உரிமையாளர், ஒரே ஊர்ப் பதிவு, முழு சர்வீஸ் ரெக்கார்டு என்பவை அந்த வண்டிகள் பலவற்றிடம் இல்லாத சொத்து. பூடான் வழியாகக் கடத்திவரப்பட்ட வண்டிகளைத் தேடி 2025 செப்டம்பரில் சுங்கத் துறை கேரளத்தில் சோதனைகள் நடத்திய பிறகு, இறக்குமதிக் காரை வாங்க வருபவர் சுங்க வரி கட்டிய ரசீதையும் கேட்பது நியாயமே. அதைத் தொலைத்துவிட்ட உரிமையாளர், விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே நகலுக்கு முயல வேண்டும்.

மாநிலம் கடந்து விற்றால், தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து, அதாவது டிஎன் 76 என்ற பதிவெண் தொடரை வழங்கும் அலுவலகத்திலிருந்து, படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். கடன் பாக்கி இருந்ததற்கான குறிப்பு ஆர்.சி. புத்தகத்தில் இருந்தால் அதைப் படிவம் 35 கொடுத்து நீக்குவதும், நிலுவை அபராதங்களைக் கட்டுவதும் அதற்கு முந்திய வேலைகள். கேரளத்தில் கட்ட வேண்டிய சாலை வரி வாங்குபவருடைய செலவு என்பதால், விலை பேசும்போதே அதைத் தெளிவாக்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நலம்.

ஐம்பது ஆண்டு கடந்த கார்களின் நிலை வேறு. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் உறவினர். அதன் சேசிஸிலிருந்து பிறந்ததே ஸ்பிட்ஃபயர். அத்தகைய கார்களின் தொடக்க கால வண்டிகளை, 2021-இல் வந்த விதிகளின்படி, பெருமாற்றம் செய்யப்படாதிருந்தால், விண்டேஜ் வாகனமாகப் பதிய முடியும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். விஏ என்ற எழுத்துகளைக் கொண்ட தனிப் பதிவெண் கிடைக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. இவற்றைத் தேடுவோர் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளைச் சுற்றியே இருக்கிறார்கள்.

பணம் வாங்குவதிலும் ஒரு வரம்பு உண்டு. ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடைசெய்கிறது. ஆகவே வங்கி வழியாகவே வாங்க வேண்டும், பணம் கணக்கில் ஏறியதை உறுதி செய்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த காரில் கிடைத்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. தொழில் கணக்கில் தேய்மானம் காட்டியிருந்தால் மட்டும் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள்ளும் வெளியே விற்றால் 45 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டிய கடமையை விற்பவர் மீதே சுமத்துகிறது. ஒரு கார் பல கை மாறி, கடைசியில் விபத்துக்குள்ளான வழக்கொன்றில், பதிவேட்டில் இன்னும் முதல் உரிமையாளரின் பெயரே இருந்ததால் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வேகத்துக்கென்றே செய்யப்பட்ட காரை விற்பவர், இந்தத் தீர்ப்பை மற்ற எவரையும்விட அதிகமாக நினைவில் வைக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றை நீங்களே தாக்கல் செய்து ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்தி, அரசின் பரிவாகன் இணையத்தளத்தில் புதிய உரிமையாளரின் பெயர் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தக் கார் சட்டத்தின் கண்ணில் உங்களுடையதுதான்.